சுவருக்குள் பாடியவர்

துப்பறிபவரின் அறைக்குள் நுழைந்த எலன் காங்கஸ் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான்கு வயது மகன் ஆர்வோவின் ரத்தத்தில் ஈயம் கலந்திருந்தது. நகராட்சிச் சோதனையில் குழாய்த் தண்ணீர் சுத்தம். வீட்டில் பழைய வண்ணப்பூச்சும் இல்லை. ஆகவே தாய்தான் ஏதோ கொடுக்கிறாள் என்று குழந்தைகள் நலத்துறை முடிவு கட்டிவிட்டது. திங்கட்கிழமை பையனைக் கூட்டிப் போகிறார்கள்.

"குளிர்காலம் பூரா, சுவத்துக்குள்ள ஒருத்தர் பாடறார்னு சொல்லிட்டிருந்தான்," என்றாள் எலன். "பனி உருகினதும் 'அவர் போயிட்டார்மா'ன்னான். அதுக்கப்புறம்தான் தெரிஞ்ச வார்த்தையெல்லாம் மறந்துட்டு வர்றான்."

துப்பறிபவர் வில்மா ஹார்யு தலையசைத்தார். கூட இருந்த நண்பர் ரே லெசார்டு சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

எலன் வீட்டுச் சமையலறையில் அநியாய அமைதி. வில்மா தொட்டியில் குழாய்க்கு நேர் கீழே இறங்கிய பழுப்புக் கறையை விரலால் தடவினார்.

"சோதனைக்குத் தண்ணி எப்பப் பிடிச்சீங்க?"

"ஜனவரியில, கொடுங்குளிர்ல. ராத்திரி யாரும் குழாயைத் தொடல. விடிஞ்சதும் முதல் தண்ணியைப் பிடிச்சேன்."

"நாளைக்கு விடிஞ்சதும் மறுபடி பிடிங்க."

"சோதனையையே சந்தேகப்படறீங்களா?" என்று எலன் காதில் விழாமல் கேட்டார் ரே. "அந்தம்மா மேல எனக்கே லேசா சந்தேகம்."

"உங்களுக்கு யார் மேலதான் இல்ல?" என்றார் வில்மா.

திங்கட்கிழமை நலத்துறை அதிகாரி பிராண்ட் வந்தபோது, புதிய சோதனை முடிவு எலனின் சமையலறை மேஜைமேல் இருந்தது. அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு ஈயம்.

"ரெண்டு சோதனையும் சரிதான்," என்றார் வில்மா. "இந்தச் சுவத்துக்குள்ள போறது பழைய ஈயக் குழாய். அதுல தண்ணி ராத்திரி பூரா நின்னாத்தான் ஈயம் நல்லா ஊறும். ஜனவரியில இந்த ஊர்ல குழாயை யார் முழுசா மூடறாங்க?"

ரே நெற்றியில் அடித்துக்கொண்டார். "உறைஞ்சு வெடிக்காம இருக்க தண்ணி நூல் மாதிரி ஓடற அளவுக்குத் திறந்து விடுவோம். நானும்தான்."

"பழகிப்போனதால எலன் அதைச் சொல்லவே இல்ல. கறைதான் சொல்லிச்சு. அன்னிக்குச் சோதனைப் புட்டிக்குள்ள விழுந்தது ராத்திரி பூரா ஓடிட்டிருந்த புதுத் தண்ணி."

பிராண்ட் உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்தார். "பையன் அம்மாகிட்டயே இருக்கட்டும். குடிக்க வேற தண்ணி அனுப்பறேன்."

"அப்போ சுவத்துக்குள்ள பாடினது..." எலன் குழாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓடற தண்ணி. பனி உருகினதும் குழாயை முழுசா மூடிட்டீங்க. அது பாடின வரைக்கும் அவன் தப்பிச்சான்."

வாசலில் ரே கேட்டார்: "ஆனா இந்தத் தெருவே சுத்தம்னுதானே முடிவு வந்துது?"

"எல்லா வீட்டுலயும் ஜனவரியிலதான் பிடிச்சாங்க, ரே."

எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு சிறுமி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வில்மா தெருவைக் கடந்து ஓடினார்.