அந்திமணிக்கு நீளும் கை

ஜெபம் முடிந்ததும் செவெரினோ குனிந்து அம்மாவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்து நீண்ட கையையும் ஒற்றிக்கொண்டான். நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் அவனைவிட மூத்தவர் என்று இப்போது அம்மா ஒருத்திதான்.

பேசத் தெரிவதற்கு முன்பே பழகிய பழக்கம் அது. மாதா கோயிலில் அந்திமணி அடித்தால் தெருவில் போகிறவன் போன இடத்தில் நிற்பான், வீட்டில் இருப்பவர்கள் மண்டியிடுவார்கள், ஜெபம் முடிந்ததும் சின்னவர்கள் பெரியவர்களின் கையை வாங்கி நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். கை நீண்டால் நெற்றி தானாகத் தாழும். யார் கை என்று எவன் பார்க்கிறான்? அப்படித்தான் மாட்டிக்கொண்டான்.

நெற்றி ஈரமாக இருந்தது. துடைத்தான். விரலில் செம்மண். அதோடு வெற்றிலையும் சுண்ணாம்பும் கலந்த வாசனை.

நாற்காலியில் யாரும் இல்லை. அது அப்பாவின் நாற்காலி.

"பெலாகியா! விளக்க ஏத்து! ஜெபத்துக்கு முன்னாடியே ஏத்துன்னு எத்தன தடவ சொல்றது?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினான்.

"எண்ணெய உங்க துரைமாரா ஊத்துறாங்க?" என்றாள் அவள். "துரைன்னதும் பல்ல மட்டும் நல்லா காட்டுறீங்க."

அந்தப் பல்தான் பிரச்சினை. அப்பா அம்ப்ரோசியோ மலைக்குப் போய்க் கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டவர். போன வாரம் ஸ்பானியப் படை அவரையும் இன்னும் சிலரையும் சுட்டு, ஊர்ச் சதுக்கத்தில் பாய் போட்டுக் கிடத்தியது. ஊரே வரிசையாக வந்து பார்க்க வேண்டும் என்று லெப்டினன்ட் உத்தரவு போட்டார். ஊர்மன்றத்தில் எழுத்தரான செவெரினோதான் அவருக்கு வாய். அவர் ஸ்பானியத்தில் கேட்டதை இவன் ஊர்ப் பேச்சில் திருப்பிக் கேட்டான்.

"இவங்கள யாருக்காவது தெரியுமா?"

பாய்க்கு வெளியே ஒரு கை கிடந்தது. ஆள்காட்டி விரலில் பாதியைக் காணோம். கரும்பாலையில் நசுங்கிப்போன விரல். அதைத் தெரியாதவர் அந்த ஊரில் கிடையாது. யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் வீட்டைக் கொளுத்துவார்கள்.

லெப்டினன்ட் சாவகாசமாக இவன் பக்கம் திரும்பினார். "உனக்கு?"

"தெரியாது, ஐயா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதைச் சொன்னதற்காக ஊரில் ஒருவரும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், "எவனோ மலைத் திருட்டுப் பயல்" என்று சேர்த்துக்கொண்டான். லெப்டினன்ட் சிரித்தார். கூடச் சேர்ந்து இவனும் சிரித்தான். கூட்டத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

சீ! நினைக்கும்போதே உடம்பு கூசியது. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே பேரும் ஜெபமும் இல்லாமல் ஒரே குழியில் எல்லாரையும் தள்ளி மூடினார்கள். மறுநாளிலிருந்து மீன்காரி அவன் முகத்தைப் பார்க்காமல் மீனைக் கொடுத்தாள். அம்மா மட்டும் தினமும் ஒன்றையே சொன்னாள்.

"சாமியார்கிட்ட போய் அவரு என் அப்பான்னு சொல்லுடா. உள்ள எடுத்துப் புதைப்பாங்க."

"அந்த ஸ்பானியச் சாமியார் நேரா லெப்டினன்ட்கிட்ட போவாரும்மா. அப்புறம் நம்ம எல்லாரோட கதி?"

"அப்ப அவரு இங்கதான் வருவாரு" என்றாள் அம்மா.

அந்தக் கை நீண்டதற்கு மறுநாள் மணி அடித்தபோது அவன் மண்டியிடவில்லை. சிப்பி பதித்த ஜன்னலோரம் ஒதுங்கி நின்றான். ஜெபத்தின் முணுமுணுப்பு ஏறி இறங்கியது. தூண்கள்மேல் நின்ற வீட்டுக்கடியில் கட்டியிருந்த பன்றி ஒருமுறை உறுமிவிட்டுச் சட்டென்று அடங்கியது. மூங்கில் தரையின் இடுக்குகள் வழியே ஈரமண் வாசனை மேலே வந்து, அம்மாவின் பாவாடையைத் தாண்டி, நாற்காலியைச் சுற்றி நின்றது. நாற்காலியின் பிரம்பு முனகியது. யாரோ உட்காரும்போது முனகுமே, அதே சத்தம்.

ஜெபம் முடிந்தது. மகள் சியானா பாட்டியின் கையை ஒற்றிக்கொண்டாள். பிறகு நாற்காலிக்குப் போனாள். குனிந்தாள்.

"தாத்தா, கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"

"வெளியிலயே கிடக்காருல்ல கண்ணு" என்றாள் அம்மா. பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "ஒரு தடவ அப்பான்னு கூப்பிடுடா. நாளைக்கு வேணாம், சாமியார் வேணாம். இப்பக் கூப்பிடு."

வார்த்தை வந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

கீழே தெருவில் பூட்ஸ் சத்தம். ரோந்து. லெப்டினன்ட்டின் குரல் ஜன்னலைப் பார்த்து எழுந்தது. "எழுத்தரே! வீட்டில் பெரிய ஆண்பிள்ளை யார்?"

"நான்தான், ஐயா!" முந்திக்கொண்டு கத்தினான். "வேற யாரும் இல்ல! எனக்கு அப்பனே கிடையாது!"

சிரிப்பும் வந்துவிட்டது. பழைய சிரிப்பு.

பிரம்பு முனகவில்லை. பன்றி உறுமவில்லை. அறை அப்படியே நின்றது. திரும்பினான். சியானா எதிரே நின்றாள். அடுத்து அவன் முறை. கையை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

"பாட்டி, இந்த ஆளு யாரு?"

"ஏய், விளையாடாத."

அம்மா தலையைத் தூக்கினாள். சதுக்கத்தில் பாய்களைப் பார்த்த அதே பார்வை.

"தெரியலயேம்மா."

பெலாகியா விளக்கோடு வந்தாள். வெளிச்சத்தை அவன் முகத்துக்கு நேரே தூக்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை. பயம். குழந்தையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"யாருய்யா நீ? எப்படி உள்ள வந்த? ஐயோ, யாராவது வாங்களேன்!"

"பெலா, கத்தாத. நான்தான். பெலா!"

பூட்ஸ் நின்றது. திரும்பியது. படியில் ஏறியது.

நாற்காலியிலிருந்து கை நீண்டது. செம்மண் அப்பிய கை. பாதி விரல். அந்த வீட்டில் அவனைத் தெரிந்த கை அது ஒன்றுதான். முழங்காலில் விழுந்தான். இரண்டு கையாலும் பிடித்தான். நெற்றியில் வைத்தான்.

"அப்பா."

கதவு திறந்தது. தினமும் சேர்ந்து வேலை பார்க்கும் லெப்டினன்ட், முன்பின் பார்க்காதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஸ்பானியத்தில் ஏதோ கேட்டார். பழக்கதோஷம், செவெரினோவின் வாய் அதைத் தானாகத் திருப்பிக் கேட்டது.

"இவன யாருக்காவது தெரியுமா?"

யாரும் வாய் திறக்கவில்லை. நெற்றியிலிருந்த கை மட்டும் இறுகிக்கொண்டே போனது.