கீழே இறங்கும் தண்ணீர்

நாங்கள் குடிபோன அன்றே அந்தத் தொட்டி அங்கே இருந்தது. கூடத்துச் சுவரை ஒட்டி நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதைத் தாங்க ஒரு மர அலமாரி. உள்ளே, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மூன்று மீன்கள். முன்பு இருந்தவர் விட்டுவிட்டுப் போனதாம்.

"உப்புத்தண்ணி மீனுங்க. முடிஞ்சா வச்சுக்கோங்க, இல்லன்னா யாருக்காவது குடுத்துடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கார அம்மா கிளம்பிவிட்டார்.

என் கணவர் பல் டாக்டர். நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்க்கிற மனுஷனுக்கு, எத்தனை முறை வாயைத் திறந்தாலும் வலிக்கிறது என்று புலம்பாத ஜீவன்களைக் கண்டதும் பிடித்துப்போய்விட்டது. நான் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். ஆகவே தீனி போடுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் என் தலையில் விழுந்தது.

இரண்டே வாரத்தில் சிக்கல் தொடங்கியது. தினமும் இரண்டு விரற்கடை தண்ணீர் குறைந்தது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். நான் ஊற்ற ஊற்ற உப்பு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததில் ஒரு மீன் செத்து மிதந்தது.

மீன்கடைக்காரர் வந்து பார்த்தார். "ஒரு சம்ப் போட்டுடுங்கம்மா."

"மாடிக்குத் தண்ணி ஏத்துறதுக்குத் தரைக்கடியில கட்டுவாங்களே, அதா?"

அவர் சிரித்தார். "பேரு ஒண்ணுதான். இது அலமாரிக்குள்ள வைக்கிற இன்னொரு தொட்டி. மேல வழியுற தண்ணி குழாய் வழியா கீழ இறங்கும். அங்க வடிகட்டி, மோட்டார் திரும்ப மேல தள்ளிடும். மொத்தத் தண்ணி அதிகமானா உப்பு சட்டுனு மாறாது."

அலமாரியைத் திறந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். உள்பலகையில் நீள்சதுரமாக வெள்ளை உப்புத் தடம். தொட்டியின் பின்கண்ணாடியில் ஒரு ஓட்டை, கறுப்புப் பசையால் அடைத்திருந்தது.

"ஏற்கெனவே இருந்திருக்கு. சம்ப் கேட்டு வர்றவங்களப் பாத்திருக்கேன். இருந்ததக் கழட்டுனவங்கள இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். முன்பு இருந்தவர் சம்ப்பை ஏன் கழட்டினார் என்று கேட்டேன்.

"அவரு சம்சாரத்தைக் கடல்ல அலை இழுத்துட்டுப் போயிடுச்சும்மா. உடம்புகூடக் கிடைக்கல. அதுக்கப்புறம்தான் இந்தத் தொட்டி. தண்ணிய அதே கரையிலேருந்து கேன் கேனா கொண்டுவந்தாரு. காலி பண்றப்ப என்னமோ சொன்னாரு... 'மேல இருந்த வரைக்கும் சும்மா இருந்தா, கீழ வழி விட்டதும் வெளிய வரப் பாக்குறா'ன்னு. துக்கத்துல உளர்றாருன்னு விட்டுட்டேன்."

என் கணவரிடம் சொன்னேன். "பாவம், நொந்துபோன மனுஷன். அதுக்காக மீனைச் சாக விடுறதா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நாள் பூரா வீட்டுல இருக்கிறவ நீ. உன் முடிவுதான்" என்றார்.

மூன்று நாள் இழுத்தடித்தேன். நாலாம் நாள் காலையில் ஒரு மீன் மணலில் சாய்ந்து, செவுள் துடிக்கத் துடிக்கக் கிடந்தது. மனசு கேட்கவில்லை. சம்ப் வைக்கச் சொல்லிவிட்டேன்.

மீன் பிழைத்துக்கொண்டது. அலமாரிக்குள் இரவும் பகலும் தண்ணீர் இறங்கும் சலசலப்பு. ஒரு வாரத்தில் அதுவும் பழகிவிட்டது.

அப்புறம் ஒரு மத்தியானம் கரண்ட் போனது.

மோட்டார் நின்றால் மேலே உள்ள தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும் என்று மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார். அப்படியேதான் அடங்கியது. மின்விசிறி நின்ற வீட்டில் என் கைக்கடிகாரத்தின் சத்தம் எனக்கே கேட்டது. ஜன்னல் வழியே வெள்ளை வெயில் விழுந்திருந்தது.

குழாய்க்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நீளமான மூச்சு. வெகுநேரம் தண்ணீரில் முங்கியிருந்தவர்கள் தலையைத் தூக்கியதும் இழுப்பார்களே, அந்த மூச்சு.

அழுகிய பாசியின் வாடை கூடமெங்கும் பரவியது. இரண்டு மீன்களும் தொட்டியின் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

அலமாரிக் கதவைத் தட்டும் சத்தம்.

உள்ளிருந்து.

"மூச்சு முட்டுது..." வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஒரு பெண் குரல். "திற..."

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. அந்த இடுக்கில், ஊறி வெளுத்துச் சுருங்கிய நாலு விரல்கள் வந்து கதவின் விளிம்பைப் பற்றின.

கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது. விரல்கள் இல்லை.

இவர் வந்து பார்த்தபோதும் கதவு விளிம்பில் அந்த நாலு ஈரத் தடங்கள் காயவில்லை. துணியால் துடைத்தார். மறுபடி ஊறி வந்தன. அதன்பிறகு இவர் பாவம் மனுஷன் என்றெல்லாம் பேசவில்லை.

"சம்ப்பை மட்டும் கழட்டுனா போதாதுங்க. அந்தத் தண்ணி அதோட இடத்துக்கே போகட்டும்" என்றேன்.

மறுநாளே மீன்கள் கடைக்காரரிடம் போயின. தண்ணீரைப் பத்து கேன்களில் பிடித்து, கார் டிக்கியிலும் பின் சீட்டிலும் அடுக்கிக்கொண்டு, வீட்டுக்கார அம்மாவிடம் இடம் கேட்டு அந்தக் கரைக்குப் போனோம். சாயங்காலம். ஈ காக்கை இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு கேனாகக் கவிழ்த்தோம். கடைசிக் கேன் காலியானபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ ஒருத்தி, என் வயதுகூட இருக்கலாம்.

"போயிட்டு வாம்மா" என்றேன்.

இவர் வெடுக்கென்று திரும்பினார். "போன்னு சொல்லு. வான்னு எதுக்குச் சொல்ற?"

"வாய்ல வந்துடுச்சுங்க..."

காலிக் கேன்களை எல்லாம் டிக்கிக்குள் திணித்துவிட்டுக் கிளம்பினோம். ஒரு மைல்கூடத் தாண்டியிருக்க மாட்டோம். கார் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பின் சீட்டில் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக, இவருக்கு எதிரே சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"கேன் வச்ச ஈரம்," என்றார் இவர். "அதுலதான் ஏதோ கெட்டுப்போயிருக்கும்."

நாங்கள் இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் பெல்ட் மெதுவாக, மிக மெதுவாக இழுபடும் சத்தம் கேட்டது.

க்ளிக்.

விளக்கு அணைந்தது.