ஓடியது யார்?

அன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் கேட்டருகே இருந்தவர்கள்: பூமிகா, அவள் அப்பா தணிகாசலம், அத்தை ஈஸ்வரி, காவலாளி எட்வர்ட், மீஞ்சூர் எபினேசர். வேறு யாரும் இல்லை. ‘கண்ணால் பார்த்தேன்’ என்று பிறகு பலர் சொன்னதால், பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

தொடக்கம் அதற்கும் முன்னால், ஒரு மழை நாளில்...

பாக்டீரியாவுக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை. வெளியே நடப்பதை ஒரு புரதம் உணர்ந்து, தன்னிடமுள்ள பாஸ்பேட்டை இன்னொரு புரதத்திடம் கொடுக்கும். அதுதான் சேதி. அந்தப் பாஸ்பேட்டில் கதிரியக்கம் ஏற்றி, புரதங்களை ஜெல் என்னும் கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினால், சேதி யாரிடம் சேர்ந்தது என்பது பிலிமில் கறுப்புக் கோடாக விழும். பூமிகாவின் வேலை அதுதான்.

அன்று அவள் வேலை முடித்துத் திரும்பியபோது, கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு எதிரே ஒருவன். புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி எபினேசராம். மழையில் நனைந்த தலை... சிரிக்காத உதடு... சிரிக்கும் கண்கள். அவளருகே வந்ததும் கருவி கடகடவென்று கத்தியது.

“கிட்ட வந்தா கத்துது மேடம்.”

“அது லேப் கோட்டு சார். நான் இல்ல.”

“கோட்டைக் கழட்டி வெச்சிட்டு வாங்க, பாத்துடலாம்.”

கோட்டு போனதும் கருவி அடங்கிவிட்டது. ஆனால் அவளுக்குள் ஏதோ ஒன்று... அடங்கவில்லை. ‘இன்னா கண்ணு இது...’

கதிரியக்க வேலை நடக்கும் நாளெல்லாம் அவன் வந்தான். வரவேண்டும் என்பது விதி. வேர்க்கடலைப் பொட்டலமும் வந்தது. அது விதியில் இல்லை. வெளியே மரத்தடியில் தின்றார்கள், சிரித்தார்கள். மனதில் இருந்ததை மட்டும் இருவரும் சொல்லவில்லை. அவளுடையது நெல் விளையும் நிலமும் நிமிர்ந்த முதுகும் உள்ள வீடு. அவன் தாத்தா அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர். ‘சொன்னா... நைனா தலை குனிஞ்சிடுமோ?’

அந்த நாள் காலையில், புதுவாயலில் ஷேர் ஆட்டோவில் ஏறியதும் எபினேசருக்குப் போன் செய்தாள்.

“இன்னிக்கே ஓட்டிடலாம் சார். நீங்க வந்தாதான் முடியும். மத்தியானத்துக்குள்ள ரெண்டும் ஓடிடும்... அப்பறம் இருட்டு ரூம்ல பாத்துக்கலாம்.”

பின் சீட்டில் இருந்தவள் ஈஸ்வரி அத்தை. அண்ணனிடம் சொல்ல, ஆட்டோ நிற்கும்முன் இறங்கிவிட்டாள்.

சாயங்காலத் தூறலில், கேட்டருகே வெள்ளை வேட்டியும் குடையுமாகத் தணிகாசலம் நின்றார்.

“யாரோட ஓடறதா இருந்த?”

“ஓடறது நான் இல்ல நைனா... ஜெல்லு.”

“அவன் எந்த ஊரு?”

“ஜெல்லா? வேதக்காரப் பேராட்டம் கீதே அண்ணா, கிறிஸ்டியனா?” என்றாள் ஈஸ்வரி.

எட்வர்ட் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

அதற்குள் கருவியும் காய்ந்த பிலிமுமாக எபினேசர் வந்துவிட்டான். பிலிமை அவரிடம் நீட்டினான்.

“இதுதாங்க ஐயா ஓடினது. மேல இருந்த கோடு மங்கிடுச்சு, கீழ கறுத்துடுச்சு. தன்கிட்ட இருந்ததை அடுத்தவன் கைல குடுத்துடுச்சு.”

தணிகாசலம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அப்ப ஓடற யோசனை இல்ல?”

“இல்லீங்க.” அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “உங்க ஊட்டுக்கு வந்து கேக்கற யோசனை கீது. பூமிகா கிட்டயே இன்னும் கேக்கல...”

அவளிடம் திரும்பினான். கருவியை நீட்டினான்.

“கோட்டு உள்ள கீது. இது கம்முனு கீது. ஆனா எனக்குள்ள கத்திக்கினே கீது பூமிகா.”

மழைத்துளி இமையில் நின்றது. அவள் துடைக்கவில்லை.

“எனக்கு மொத நாள்லேருந்தே கத்துது... மெஷின் ரிப்பேருன்னு நெனச்சினு இருந்தேன்.”

தணிகாசலம் மகளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. அவர் வளர்த்த வளர்ப்பு அது. பொய் சொல்லித் தப்பியிருக்கக்கூடிய பையனையும் பார்த்தார்.

“எங்க ஊட்டுப் பொண்ணை ரோட்டுல நின்னு கேக்கக் கூடாது. அப்பா அம்மாவை இட்டுக்கினு முன்வாசல்ல வா.”

“ஞாயித்துக்கெழம கோயில் முடிச்சினு வரோம் ஐயா.”

“சாப்பிடாம வாங்க. எங்க ஊட்டுலதான் சாப்பாடு.”

தணிகாசலத்தின் மகள் ஓடிவிட்டாள் என்று புதுவாயலில் இன்றும் சொல்கிறார்கள். தவறு. ஓடியது ஜெல். பெண், அப்பாவின் குடைக்குள் நடந்து வீட்டுக்கு வந்தாள்.