குப்பைக் குன்றும் கொம்பன் பாரும்

"கொம்பன் பாரு செத்துப் போச்சுன்னு யாரு பாத்தது? அது உயிரோட இருக்கு! நான் காட்டித் தாறேன்!"

சங்குமுனைத்துறை மீனவர் சங்கக் கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து எழுந்த அந்தக் குரலைக் கேட்டு அனைவரும் திரும்பிப் பார்த்தனர். எழுந்து நின்றவள் டெல்பின். கல்லூரியில் விலங்கியல் பயில்பவள். பேசி முடித்த பிறகுதான், இத்தனை பேர் முன்னிலையில் வாய் திறந்துவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. ஆயினும் அவள் உட்காரவில்லை.

அன்று கூட்டத்தின் முன் இருந்த கேள்வி சிறியதன்று. அருகிலிருந்த நகரத்தின் குப்பைக்கிடங்கு நிரம்பி வழிந்தது. குப்பை கொட்ட ஊரின் கிழக்குக் கரையையும் கொடுத்தால் நல்ல சாலை போட்டுத் தருவதாக நகரத்தார் சொல்லியனுப்பியிருந்தனர். கிழக்குக் கரைக்கு நேரே, கடலுக்குள், கொம்பன் பார் என்னும் பாறைத்திட்டு இருந்தது. ஒரு காலத்தில் ஊருக்கே சோறு போட்ட இடம். பல ஆண்டுகளாக எவரும் அங்கே செல்வதில்லை. வலை வீசினால் கிழிந்த வலைதான் ஏறி வந்தது.

சங்கத் தலைவர் லூர்தையன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "செத்த கடலுக்கு முன்னால குப்பை கெடந்தா யாருக்கு மோளே நட்டம்? சரி, நீ இவ்வளவு சொல்லுக. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு முடிவெடுப்போம். அதுக்குள்ள கொம்பன் பாருல இருந்து உயிரோட ஒரு சிங்கி இறாலக் கொண்டு வந்து இந்த மேசை மேல வையி. குப்பை வண்டி ஒண்ணும் இந்தக் கரைக்கு வராது. வைக்காட்டி, சம்மதக் கடிதத்துல மொதக் கையெழுத்து உனக்க கையெழுத்து!"

கூட்டம் சிரித்தது. டெல்பின் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, மாமா" என்றாள்.

சனிக்கிழமை விடியலில் கிளீட்டசின் வள்ளம் அலைகளைத் தாவிக் கடலுக்குள் பாய்ந்தது! கிளீட்டஸ் அவளுடைய அண்ணன். சுக்கானைப் பிடித்திருந்த அவன் முகம் கடுகடுவென்றிருந்தது.

"ஏட்டி, ஊரு முன்னால வாய விட்டது நீ. எண்ணெய் எரியுறது எனக்க வள்ளத்துல."

"விடுலேய் மக்கா" என்று சிரித்தான் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் அமர்ந்திருந்த ததேயூஸ். கிளீட்டசின் பள்ளித்தோழன், பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பதில் கைதேர்ந்தவன். "தங்கச்சி தோத்தா கையெழுத்துத்தான போடுவா? உனக்கு அதுவும் ஒழுங்கா வராதே!"

கிளீட்டசுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பாரைக் கண்டுபிடிப்பது எப்படி? கிளீட்டசின் இடங்காட்டும் கைக்கருவியில் கடலின் நூறு இடங்கள் பதிந்திருந்தன. கொம்பன் பார் மட்டும் இல்லை. அந்தக் கருவி ஊருக்கு வருவதற்கு முன்பே ஊர் அந்தப் பாரைக் கைவிட்டிருந்தது. எஞ்சியிருந்தது கணியம் ஒன்றுதான். கடலிலிருந்து கரையைப் பார்த்து, முன்னே ஓர் அடையாளத்தையும் பின்னே ஓர் அடையாளத்தையும் ஒரே கோட்டில் நிறுத்துவார்கள். அதேபோல் வேறு திசையில் இன்னொரு கோடு. இரு கோடுகளும் வெட்டும் இடமே தேடும் இடம். இதைத்தான் கடலோரத்தார் கணியம் என்பர்.

காலஞ்சென்ற தந்தை சூசைமிக்கேல் சிறுவயதில் அவளைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு சொன்னது டெல்பினுக்கு மறக்கவில்லை. மாதா கோயில் சிலுவை, பின்னாலுள்ள மலையின் பிளவுக்கு நேரே வரவேண்டும். வெளிச்சவீடு ஆனைக்குன்றின் முதுகு நடுவே நிற்கவேண்டும்.

"சிலுவை பிளவுல வந்தாச்சு!" என்று கூவினாள். "அண்ணே, அப்படியே மேற்க விடு. இன்னும்... இன்னும்... நிறுத்து! வெளிச்சவீடு ஆனை முதுகுல!"

மெல்லிய பனிமூட்டத்தினூடே கரையில் உருண்டு திரண்ட குன்று ஒன்று தெரிந்தது. ததேயூஸ் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினான். பாறையில் பட்டால் கையில் 'டக்' என்று தட்ட வேண்டும். ஆனால் குண்டு மெத்தையில் விழுந்தது போல் அமிழ்ந்தது.

"மணலு" என்றான்.

சற்று நகர்ந்து இறக்கினார்கள். மணல். மீண்டும் இறக்கினார்கள். மணல்தான்!

கிளீட்டஸ் பொறியை அணைத்தான். "பாருமில்ல, ஒண்ணுமில்ல. அப்பா சொன்னது அந்தக் காலம். காத்து எழும்பிட்டு வருது. திரும்புவோம்."

தந்தை தவறாகச் சொல்லியிருப்பாரா? கடலில் பிழையான கணியம் சொன்னவர் என்று அவரை எவரும் சொன்னதில்லை. அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி கரையை நோக்கினாள். வெயில் ஏற ஏறப் பனி கலைந்தது. குன்றின் மேல் பருந்துகள் கூட்டமாக வட்டமிட்டன. சரிவில் வண்டி ஒன்று எறும்பாக ஊர்ந்தது. உச்சியிலிருந்து...

"அண்ணே! ஆனைக்குன்று எப்பவாவது புகையுமா?"

மூவரும் உற்றுப் பார்த்தனர். சாம்பல்நிறப் புகை கோடு கோடாக எழுந்துகொண்டிருந்தது!

"அடப்பாவி!" ததேயூஸ் தலையில் கை வைத்தான். "அது குன்று இல்லலேய், குப்பை!"

ஆம், அது நகரத்தின் குப்பைமேடு! மண் போட்டு மூடியதில் புல் முளைத்து, குன்று போலவே உருக்கொண்டு நின்றது. உண்மையான ஆனைக்குன்றோ அதன் பின்னால் பாதி மறைந்து, முதுகின் ஒரு விளிம்பை மட்டும் காட்டியது. கருவியை நம்பிக் கரையைப் பார்க்க மறந்த ஊருக்கு, குன்று மாறிப்போனதுகூடத் தெரியவில்லை.

"அப்பா தப்பாச் சொல்லல!" டெல்பின் எழுந்து நின்றாள். "அண்ணே, கிழக்க விடு! புகையாத குன்றப் பாத்து விடு!"

வள்ளம் சீறிப் பாய்ந்தது. கோயில் சிலுவை மலைப்பிளவை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டான் கிளீட்டஸ். வெளிச்சவீடு மெல்ல நகர்ந்து, மெய்யான ஆனையின் முதுகில் ஏறி நின்றது. ததேயூஸ் குண்டை இறக்கினான்.

டக்!

"பாரு!" என்று மூவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ததேயூஸ் முதலில் குதித்தான். அடுத்து, தந்தையிடம் மூழ்கப் பழகியிருந்த டெல்பினும் குதித்தாள். கீழே கண்ட காட்சி அவள் நெஞ்சைப் பிசைந்தது. பாறைத்திட்டு முழுவதும் நைலான் வலைகள்! அலையிலும் நீரோட்டத்திலும் கிழிந்து சிக்கி, அடுக்கடுக்காகப் போர்த்திக் கிடந்தன. இடையிடையே நெகிழிப் பைகளும் பாட்டில்களும் செருகியிருந்தன. ஆயினும் வலையின் ஓட்டைகளுக்குள்ளே சிவப்பும் மஞ்சளுமாய்ச் சிறுமீன்கள் மின்னின. பார் சாகவில்லை; மூச்சுவிட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது!

கத்திகள் பளிச்சிட்டன. மூச்சடக்கி மூழ்குவதும், அறுப்பதும், மேலே வந்து காற்றை விழுங்குவதுமாக இருவரும் வேலை செய்தனர். அறுத்த வலைகளைக் கயிற்றில் கட்டிவிட, கிளீட்டஸ் மேலிருந்து இழுத்து வள்ளத்தில் குவித்தான். திடீரென்று வலை ஒன்று நீரோட்டத்தில் புரண்டு ததேயூசின் காலைச் சுற்றிக்கொண்டது! அவன் உதற உதற அது இறுகியது. கத்தியும் கைநழுவியது. அவன் வாயிலிருந்து குமிழிகள் கொப்பளித்தன.

டெல்பின் சற்றும் தயங்கவில்லை. தலைகீழாகப் பாய்ந்து, கணுக்காலில் இறுகிய இழைகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். கடைசி இழை விட்டதும் இருவரும் அம்பாக மேலே வந்தனர்.

ததேயூஸ் இருமித் துப்பிவிட்டுச் சொன்னான்: "இறாலப் பிடிக்க வந்து நானே இறாலாயிட்டேன்!"

மீண்டும் இறங்கியபோதுதான் அவள் அதைக் கண்டாள். வலை மடிப்பில் சிக்கி, நீண்ட மீசைகளை அசைத்துக்கொண்டு ஒரு சிங்கி இறால்! ஊர் கேட்ட சாட்சி. அதை அறுத்தெடுத்து மேலே வந்தாள்.

"செயிச்சிட்டோம்!" கிளீட்டஸ் கை தட்டினான்.

டெல்பின் இறாலைத் திருப்பினாள். வயிற்றின் அடியில் செம்மஞ்சள் முத்துகளைப் போல் ஆயிரக்கணக்கான முட்டைகள்.

முட்டை சுமக்கும் சிங்கியைப் பிடிப்பதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அது வலைமடியில் ஏறினால் தந்தை ஒரு சொல்லும் சொல்லாமல் கடலில் விட்டுவிடுவார்.

"ஏட்டி, இத விட்டா வெறுங்கையோட போணும். நாளைக்கு நீதான் கையெழுத்துப் போடணும்" என்றான் கிளீட்டஸ் தாழ்ந்த குரலில்.

"இத மேசை மேல வச்சு பாரு உயிரோட இருக்குன்னு எப்பிடிண்ணே சொல்லுவேன்?" என்றாள் அவள். இறாலை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு மூழ்கி, பாறை இடுக்கில் மெல்ல விட்டாள். வாலைச் சுருக்கி, ஒரே சொடுக்கில் அது மறைந்துபோனது.

மாலையில் வள்ளம் கரை சேர்ந்தபோது ஊரே திரண்டிருந்தது.

"இறால் எங்க?" என்று கேட்டார் லூர்தையன்.

"இருந்துது. சினையோட இருந்துது. விட்டுட்டேன், மாமா."

கரையில் ஏளனச் சிரிப்பு பரவியது. டெல்பின் ஒதுங்கி நின்றாள். கிளீட்டசும் ததேயூசும் வள்ளத்திலிருந்த வலைக்குவியலை இழுத்து மணலில் தள்ளினார்கள். சிப்பியும் பாசியும் அப்பிய மிதவைகள் உருண்டன. மடிப்புகளிலிருந்து குட்டி நண்டுகள் தாறுமாறாக ஓட, குழந்தைகள் கூச்சலிட்டனர்.

அவ்வூரில் ஒவ்வொரு வள்ளக்காரரும் தம் மிதவைகளில் தமக்கென்று ஓர் அடையாளம் தீட்டுவது வழக்கம். டெல்பின் ஒரு மிதவையைச் சுரண்டினாள். நீலப் பட்டை. கிளீட்டசின் முகம் சுருங்கியது. "இது நம்ம வீட்டுது."

இன்னொருவர் குனிந்தார். "இது எனக்க வலைமடியாக்கும். கொம்பன் பாருல பிஞ்சு போச்சுன்னு அறுத்து விட்டது!"

லூர்தையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சிப்பிகளுக்கு அடியில் சிவப்பு நட்சத்திரம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அவர் தாமே தீட்டிய நட்சத்திரம். கட்டைவிரலால் அதைத் துடைத்துப் பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"நான் அறுத்து விட்டதுதான்" என்றார் கடைசியில். "கொம்பன் பாருல. பாரு சாகல மக்களே. நம்மதான் கழுத்த நெரிச்சு வச்சிருக்கோம்." பிறகு டெல்பினை நோக்கி, "இறால விட்டியே, அதுதான் மோளே சூசைமிக்கேலுக்க பிள்ள!" என்றார்.

டெல்பினின் தலை தானாகவே நிமிர்ந்தது. அவள் தந்தையின் பெயரைப் பலகாலத்துக்குப் பின் ஊர் அன்று உரக்கச் சொன்னது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு நகரத்துக்குச் சென்ற கடிதம் சம்மதக் கடிதமன்று. கரை தர இயலாது. மட்குவதையும் மட்காததையும் வீடுகளிலேயே பிரித்தால் கிடங்கே தேவைப்படாது என்று அது பணிவாகச் சொன்னது. முதல் கையெழுத்து டெல்பினுடையதுதான்! கிழிந்த வலையைக் கடலில் அறுத்துவிடுவதில்லை, கரைக்கே கொண்டுவருவது என்று ஊரும் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. சிப்பி எடுப்பவர்கள் முறை வைத்துச் சென்று பாரைத் துப்புரவு செய்தார்கள். முதல் முறைக்கு லூர்தையனே வள்ளம் கொடுத்தார்.

நகரத்தார் உடனே திருந்திவிடவில்லை. டெல்பினும் அவள் கல்லூரித் தோழியரும் நகராட்சி அலுவலகத்துக்குப் பலமுறை படியேற வேண்டியிருந்தது. பழைய மேட்டைக் கிளறிப் பிரிக்கும் வேலை தொடங்கியபோது அடுத்த ஆண்டின் கச்சான் காற்றே, மேல்காற்றுப் பருவமே, வந்துவிட்டது.

ஒருநாள் காலை, கிளீட்டஸ் கருவியை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "ஏட்டி, கணியம் சொல்லு" என்றான்.

டெல்பின் கரையை நோக்கினாள். புகை இல்லை. தாழ்ந்துவிட்ட மேட்டுக்கு மேலே ஆனைக்குன்று தன் முழு முதுகையும் காட்டிப் பச்சையாக நின்றது. அதன் நடுவே வெளிச்சவீடு.

"நேரா விடு, அண்ணே" என்றாள்.