இளகிய மண்

நிலவறைக்குள் சொட்டுச் சத்தம் கேட்டதும் துயாரா ஏணியின் நடுவிலேயே நின்றுவிட்டாள். கோடையிலும் உறைந்தே கிடக்கும் மண்ணைக் குடைந்து அவள் மாமனார் வெட்டிய அறை அது. அந்தச் சுவர்களில் உறைபனி பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறாளே தவிர, ஈரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது சுவர் வியர்த்திருந்தது. கொக்கியில் தொங்கிய குதிரை இறைச்சியின் வாடைக்கு அடியிலிருந்து, வெகுகாலம் மூடிக்கிடந்த எதையோ திறந்துவிட்டதுபோல் இன்னொரு வாடை எழுந்து அவள் தொண்டையில் படிந்தது.

மேலே ஏறி வரும்போது அவள் இறைச்சியை மறந்திருந்தாள். மகள்தான் நினைவில் இருந்தாள்.

மகள் சர்கிலானா காய்ச்சலில் இறந்துபோனபோது அவளுக்கு ஏழு வயது. ஏரிக்கரைச் சரிவில், நெருப்பு மூட்டி மண்ணை இளக்கித்தான் குழி தோண்டினார்கள். "நம்ம மண்ணுல எதுவும் கெட்டுப்போகாது துயாரா. பாப்பா அப்படியேதான் இருப்பா" என்றான் கணவன் நியூர்குன். இத்தனை வருடமும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள்.

நியூர்குனுக்கு ஊருக்கு வெளியே இருந்த கோபுரத்தில் வேலை. காற்றைக் குப்பிகளில் பிடித்து நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்புவான். ஒவ்வொரு வருடமும் கரியமில வாயு கூடிவிட்டதாகவே அங்கிருந்து தகவல் வரும். சொட்டுச் சத்தத்தைப் பற்றி அவள் சொன்னதும் அவன் நிலவறைக்குள் இறங்கிச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

"உலகம் பூரா ஆலை வெச்சு கரியும் எண்ணெயும் எரிச்சாங்கல்ல, அந்தப் புகை எங்கயும் போகலை. நம்ம தலைக்கு மேலதான் போர்வையா நிக்குது. அந்தச் சூட்டுல மண்ணு இளகி, அதுவும் தன் பங்குக்கு வாயுவை விடுது."

"அப்போ பாப்பா?"

அவன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மண்வெட்டியைத் தேடி எடுத்தான்.

மகளின் சவப்பெட்டியைத் தோண்டி எடுத்து மேட்டுக்கு மாற்றிவிடுவதென்று முடிவு செய்தார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட காலையில் மண்வெட்டியோடு போன நியூர்குன் முழங்கால் வரை சேற்றோடு திரும்பினான். சரிவு மொத்தமும் ஏரிக்குள் இறங்கிவிட்டிருந்தது. ஊரே வலைபோட்டுத் தேடியும் பெட்டியின் ஒரு பலகைதான் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஏரியில் குமிழிகள் வெடிக்கும் சத்தம் வீடுவரை கேட்டது. மண் விடுகிற வாயுதான் என்று நியூர்குன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவளும் தலையாட்டினாள். பிறகு சன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வாள்; ஒவ்வொரு குமிழிக்கும் அவளுடைய மூச்சு ஒருமுறை நின்று வந்தது.

குளிர்காலத் தொடக்கத்தில் ஏரி உறைந்தது. பனி இன்னும் விழவில்லை. பளிங்குபோலத் தெளிந்த பனிக்கட்டி. நியூர்குன் கோபுரத்துக்குப் போயிருந்த ஒரு நண்பகலில் அவள் அதன்மேல் நடந்தாள். காலடியில், மேலெழ முடியாமல் உறைந்துபோன குமிழிகள் வெள்ளை வெள்ளையாக அடுக்கடுக்காய் நின்றன. ஓரிடத்தில் மட்டும் அவை நெருங்கியிருந்தன. சின்னச் சின்னதாக. வரிசையாக.

குனிந்தாள்.

மண்டியிட்டாள். கையுறையால் தேய்த்தாள்.

ஏழு வயது முகம். சற்றும் கெடவில்லை. கண்கள் திறந்திருந்தன. பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்தது ஒரு சின்ன உள்ளங்கை.

துயாரா அதன்மேல் தன் கையை வைத்தாள்.

அடியில் உதடுகள் பிரிந்தன. ஒரு புதுக் குமிழி வெளிவந்தது.