பொலித்தீனைத் தின்ற குழி

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம். வானமே ஓட்டையாகிவிட்டதோ என்று பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டமே பயந்த மழை. ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் சூசைரட்ணத்தின் வாசலில், கொழுந்து பறிக்கும் மீனம்மா கைக்குழந்தையோடு நின்றாள். அவள் தட்டிய தட்டில் கதவே கிடுகிடுத்தது.

“ஐயா, கிருமி எங்க கூரையத் திங்குதுங்க! இன்னிக்குப் பொலித்தீனு, நாளைக்கு எம்புள்ளயோட தோலு!”

உரப்பைகளின் உள்ளே இருக்கும் பொலித்தீன் உறைகளைத் தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரை குழியில் கொட்டி, மக்கவைக்கும் கிருமி என்று சாணிக்கரைசல் ஊற்றினார். ஒரே மாதத்தில் குழி காலி! துரைக்குத் தலை கால் புரியவில்லை. பிறகு மீனம்மாவின் கூரைப் பொலித்தீன் ஒழுகியது. கிருமி பரவிவிட்டதென்று பயந்த துரை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பொலித்தீன் அத்தனையையும் மறுநாள் எரிக்க உத்தரவிட்டார்.

“இந்த மழையில கூரையில்லாம புள்ள பொழைக்குமாங்க?”

“கூரையில போட்டது யாரு?” என்றார் சூசைரட்ணம்.

“எம் புருசன் அழகன். எங்கயோ கெடைச்சிச்சாம்.”

சூசைரட்ணம் கிளம்பினார். எந்தத் துப்பென்றாலும் முதல் ஆளாக ஓடிவரும் அடுத்த வீட்டுப் பெற்றீசியா டீச்சரும் கூடவே வந்தார். மீனம்மாவின் லயத்தறையில் ஒழுகலுக்கு வைத்த சட்டிகள் ஒரே நேர்கோட்டில் நின்றன. குழியிலோ சாணிச்சேறும், பை தைத்த பருத்தி நூல்களும் மட்டும்.

“கிட்டப் போகாதீங்கண்ணே! என் குடைப்பிடிகூடப் பிளாஸ்டிக்!” என்று அலறினார் டீச்சர்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம். துரையின் கையில் தீப்பெட்டி.

“தொரை, குழியில கொட்டினது சொத்தா, குப்பையா?” என்று கேட்டார் சூசைரட்ணம்.

“குப்பைதான்.”

“யாராச்சும் எடுத்தா?”

“குப்பையை எடுத்தால் என்ன குற்றம்?”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?” என்று திரும்பினார் சூசைரட்ணம். “மக்கவைக்கிற கிருமி முதல்ல பருத்தி நூலத்தான் தின்னும். நூல் முழுசாக் கெடக்கு, பொலித்தீனக் காணோம். மீனம்மா கூரை ஒரே கோட்டுல ஒழுகுது. அது பைவாயைத் தைச்ச ஊசி ஓட்டை. கிருமி என்ன, வரிசையில நின்னா திங்கும்?”

அழகன் தலைகுனிந்தான். “வேலையிலருந்து பேர வெட்டிருவாங்கன்னு பயந்துட்டேங்க.”

“நீ மட்டுமாப்பா எடுத்த?”

மழைக்கு இடுப்பில் கட்டிய பொலித்தீன் படங்குகளை, நூறு பெண்கள் ஒரே நேரத்தில் கையால் மூடிக்கொண்டார்கள்.

துரை தீப்பெட்டியைப் பைக்குள் போட்டார். “அப்படியானால் என் கிருமி?”

மீனம்மா பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். “நல்ல கிருமிங்க தொரை. அடுத்த பையெல்லாம் எப்பக் கொட்டுவீங்க? இன்னும் நாலு கூரை ஒழுகுதுங்க.”