சென்ற திசை

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. சத்தம் கேட்ட நேரம் பதினொன்றே கால் என்று இருந்தது, தெரு இருந்தது, விமானம் வந்த திசை இருந்தது. ‘சென்ற திசை’ என்ற இடத்தில் எதுவுமில்லை. அதை நிரப்பாமல் கணினி புகாரைச் சேமிக்காது. அவர் தொலைபேசியை எடுத்தார்.

அந்தச் சின்ன விமானத் தளத்தில் அவருக்கு வாய்த்த வேலை இரைச்சல் புகார்களை வாங்குவது. குடியிருப்பில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, சத்தக்காரர் என்றுதான் சொல்வார்கள். புகார் கொடுத்தவர் மூன்றாம் தெருவின் ஓய்வுபெற்ற டீச்சர். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு முறை கொடுத்திருக்கிறார்.

“டீச்சர், சத்தம் எந்தப் பக்கமா போச்சு?”

“போனாத்தானே தம்பி சொல்ல முடியும்? வருது. வந்துக்கிட்டே இருக்கு. அப்புறம் சட்டுனு ஒண்ணுமில்ல.”

“எந்த விமானம்னு ஏதாவது...”

“எத்தனை வருஷமா என் மண்டைய அறுத்த சத்தம், எனக்குத் தெரியாதா? ரம்பம்தான்.”

ரம்பம் என்று குடியிருப்பே பேர் வைத்த அந்த விமானம் ஏரியில் விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அது மஞ்சள் நிறத்தில் ஒற்றை எஞ்சின் வைத்த பழைய பயிற்சி விமானம். முந்நூறு பேரை ஏற்றிப் போகும் பெரிய விமானத்தைவிட இரண்டு பேர் உட்காரும் இது ஏன் இவ்வளவு கத்துகிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அவருக்கு அதைச் சொல்வதில் அலுப்பே வராது. கத்துவது எஞ்சின் மட்டுமல்ல, முன்னால் சுழலும் விசிறியும்தான். ஆளுயரத்துக்கு மேல் நீளமான அந்த விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது அதன் நுனி ஒலியின் வேகத்தையே எட்டிப்பிடிக்கப் பார்க்கும். காற்றுக்கு விலக நேரம் கிடைக்காது, கிழிபடும். நாம் கேட்பது அந்தக் கிழிசலை. அதோடு பெரிய விமானம் ஒரு தடவை கடந்தால் போயே போய்விடும். இது தாழப் பறந்து அதே கூரைகளைச் சுற்றிச் சுற்றி வரும். இன்னொன்றையும் அவர் கண்டிருந்தார். மக்களை எரிச்சல்படுத்துவது சத்தத்தின் அளவு அல்ல. தாங்கள் கீழே துணி துவைக்கும்போது எவனோ ஒருத்தன் மேலே சந்தோஷமாக இருக்கிறான் என்பதுதான்.

ரம்பத்தை ஓட்டிய அந்த ஒருத்தனையும் அவருக்குத் தெரியும். வாரம் ஒருமுறை வந்து மேசையில் இனிப்பு மிட்டாய் ஒன்றை வைத்துவிட்டு, “இன்னைக்கு எத்தனை பேர் என்னைத் திட்டினாங்க, சார்?” என்று சிரிப்பான். புகார் மேலிடம்வரை போனபோது விதியை எழுதியவர் இவர்தான்: தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் எஞ்சின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த உயரத்தில் குறைத்தால் திரும்பும்போது விமானம் தாங்காது என்று அவன் ஒருமுறை சொன்னான். இவர் எழுதியதை மாற்றவில்லை. ரம்பம் விழுந்த அன்று காலை பதினொன்றே காலுக்கு அவன் விதிப்படி குறைத்தான். பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: சத்தம் நின்றது. ‘அப்பாடா’ என்று அவர்கள் சொல்லி வாய் மூடுவதற்குள் விமானம் அவனோடு விழுந்துவிட்டது.

டீச்சருக்கு வயதாகிவிட்டது, பழகிய காது இல்லாததையும் கேட்கும் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். காலிக் கட்டத்தில் ‘கிழக்கு’ என்று தட்டினார். ஓடுபாதை கிழக்கு நோக்கித்தான் இருக்கிறது, கை தானாக அதைத்தான் தட்டும். புகார் முடிக்கப்பட்டது என்று திரை பச்சையானது.

இரண்டு நாள் கழித்து நான்காம் தெரு தையல்காரர் அழைத்தார். அதே பதினொன்றே கால். அதே பேச்சு. வருது, போகல. அன்றைய பறப்புப் பதிவேட்டில் ஒரு விமானமும் இல்லை. அவர் மீண்டும் ‘கிழக்கு’ என்று தட்டினார். பச்சை.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் தெரு நர்ஸ். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவள். “நான் பொய் சொல்லல சார், போன்லயே பதிவு பண்ணி அனுப்பியிருக்கேன். கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றாள். கேட்பதற்கு முன்னாலேயே அவர் ‘கிழக்கு’ தட்டிவிட்டார். வார முடிவில் புகார் பாக்கி நிற்கக் கூடாது என்பது அலுவலக வழக்கம்.

சனிக்கிழமை காலை அலுவலகத்தில் வேறு யாருமில்லை. சுவர்க் கடிகாரம், மின்விசிறி, வெயிலில் சூடேறும் தகரக் கூரை முனகுவது, இவற்றின் நடுவே அவர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவை ஓடவிட்டார். முதலில் போர்வை உரசும் ஒலி, நாய் ஒன்று குரைத்து நிறுத்துவது, பிறகு தொலைவில் ஒரு கொசு, கொசு வண்டாகி, வண்டு ரம்பமாகி, காதின் உள்தோலை இழுத்துப் பிடித்தது.

அவர் மகளுக்கு இதை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். கூவுகிற பொம்மை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றி, “கேளு குட்டி, நம்மள நோக்கி வரும்போது சத்தம் நெருங்கி நெருங்கி வந்து விழும், அதனால ஈ-ன்னு கேக்கும். தாண்டிப் போனதும் தளர்ந்துடும், ஊ-ன்னு இறங்கும்” என்பார். அவளும் கைகொட்டி, “வந்தா ஈ, போனா ஊ!” என்று வீடு முழுக்க ஓடுவாள். கண்ணை மூடிக்கொண்டே ஒரு விமானம் தாண்டிவிட்டதா என்று சொல்லிவிடலாம். ஊ வந்தால் தாண்டிவிட்டது.

பதிவில் ஊ வரவில்லை. நான்கு நிமிடமும் ஈ. அதற்குள் எந்த விமானமும் அந்தக் குடியிருப்பையே தாண்டிவிட்டிருக்க வேண்டும். கடைசியில் கத்தரித்ததுபோல் நின்றது. அதற்குப் பின் நர்ஸின் மூச்சு மட்டும்.

அவர் டீச்சரை அழைத்தார்.

“இப்பவும் கேக்குதா டீச்சர்?”

“எங்க தம்பி? நீங்க போன் பண்ணினீங்கல்ல, அன்னையோட சரி. எங்கயோ தள்ளி விட்டுட்டீங்க போல. நல்லா இருப்பீங்க.”

தையல்காரரும் அதையே சொன்னார். இவர் புகாரை முடித்ததிலிருந்து அங்கே எதுவும் கேட்கவில்லை.

சுவரில் குடியிருப்பின் வரைபடம் தொங்கியது. மூன்றாம் தெருவில் விரலை வைத்தார். கிழக்கே நான்காம் தெரு. கிழக்கே ஐந்தாம் தெரு. அவர் தட்டிய ஒவ்வொரு கிழக்கும் அந்தச் சத்தத்தை ஒரு தெரு முன்னே அனுப்பியிருந்தது. நர்ஸ் வீட்டுக்குக் கிழக்கே தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தாண்டினால் ஊழியர் குடியிருப்பு. அதில் முதல் வீடு அவருடையது.

மணி பதினொன்று பத்து.

நர்ஸின் புகாரைத் திறந்து ‘கிழக்கு’ என்பதை அழிக்கப் பார்த்தார். முடிக்கப்பட்ட புகாரைத் திருத்த இயலாது என்றது திரை. மறுபடி அழுத்தினார். இயலாது. தன் பெயரிலேயே புதுப் படிவம் திறந்தார். சென்ற திசை: மேற்கு. மேற்கே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். டீச்சரின் வீட்டுச் சன்னல், அதில் உலரும் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி, எல்லாம் கண்ணில் வந்து நின்றன. அப்படியும் விரல் நிற்கவில்லை. ஆனால் அடுத்த கட்டம் கேட்டது: சத்தம் கேட்ட நேரம். அவர் இன்னும் கேட்கவில்லை. இனி வரப்போகிற நேரத்தைக் கணினி ஏற்றுக்கொள்ளாது.

பதினொன்று பதிமூன்று. புகார்த் தொலைபேசி அடித்தது.

“வணக்கம், ஒரு புகார் சொல்லணும்” என்றது பெரிய மனுஷிக் குரல். பிறகு களுக்கென்று சிரிப்பு. “நான்தான்பா.”

“குட்டி, எங்க இருக்க?”

“மொட்டை மாடில. துணி எடுத்துட்டு வரச் சொன்னாங்க அம்மா. அப்பா, ஈ-ன்னு கேக்குது. ரொம்ப நேரமா.”

“கீழ இறங்கு.”

“எங்க இருக்குன்னே தெரியலப்பா. வானத்துல ஒண்ணுமே இல்ல. ஊ வரட்டும், எண்ணிக்கிட்டே நிக்கிறேன்.”

“குட்டி, இறங்கு! அம்மாவைக் கூப்பிடு!”

“என்னப்பா? கேக்கலையே. சத்தமா இருக்கு!”

அவர் ஓடினார். வீடு அலுவலகத்திலிருந்து முந்நூறு அடி. வேலியைத் தாண்டும்போதே அவருக்கும் கேட்டது. பல்லின் வேரில். விலா எலும்பில். சன்னல் கண்ணாடிகள் சட்டத்துக்குள் நடுங்கின. வானம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு பறவைகூட இல்லை.

மாடியில் வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே மகள் நின்றாள். ஒரு கையில் போன். மறு கை காதின்மேல். முகம் மேலே.

“இறங்கு!”

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

சத்தம் நின்றது.

தெரு முழுக்க அமைதி. காற்றில்லை. அடுத்த வீட்டுச் சன்னலுக்குள் யாரோ நிம்மதியாகச் சொன்னார்கள்.

“அப்பாடா.”

மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தலைக்கு மேலே கை நீட்டினாள். வெள்ளை விரிப்பில் ஒரு நிழல் விழுந்திருந்தது. சிலுவைபோல. உள்ளங்கை அளவு.

அது பெரிதாகிக்கொண்டிருந்தது.